நடராஜனுக்கு வைத்த விலை

வைகாசி வெயிலில் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றி, களிமண் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கையில், சீமைக்கருவேலங் குச்சிகளை ஸ்டம்பாக ஊன்றி டென்னிஸ் பந்து வீசும் பையன்களைச் சற்று நின்று கவனிப்பவருக்கு ஒரு விஷயம் பிரத்தியட்சமாகும். தேர்ந்த கை எதுவும் அங்கே பந்தைத் தரையில் குத்தி எழுப்புவதில்லை. வெடிப்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று வீசியவனுக்கே தெரியாதாகையால், மட்டைக்காரனின் கால்விரலுக்கே குறி வைக்கிறான்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் தறிக்கூலி ஒருவரின் மகனாகப் பிறந்த த. நடராஜனும் டென்னிஸ் பந்தில் பழகிய இந்த யார்க்கர் வித்தையைக் கொண்டே மேலே வந்தவராதலால், தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் எங்கள் அருப்புக்கோட்டைக்கு அவர் அந்நியரல்லர். அவரை ஏற்றியும் இறக்கியும் விலைபேசிய ஐ.பி.எல். ஏலமுறையின் குணதோஷங்களை அவருடைய வாழ்க்கையிலேயே வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

குணத்தை மறுப்பதற்கில்லை. 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானவுடனேயே பந்துவீச்சு முறைபற்றி ஐயம் எழுப்பப்பட்டு, கையைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்த ஒருவரை, 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீகில் அவர் வீசிய யார்க்கர்களுக்காகவே, அடிப்படை விலை 10 லட்சமாயிருக்க, 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. சிபாரிசு கேளாத இந்தத் தாராளம் பழைய தேர்வுமுறைகளில் அபூர்வம்.

ஆனால் அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்களில் அவர் எடுத்தவை இரண்டே விக்கெட்டுகள். மறுவருஷம் 40 லட்சத்துக்கு ஹைதராபாத் அணிக்குப் போய், இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டமும் கிடைக்காமல், தமிழ் பேசும் முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்றுநராயிருந்த அவ்வணியின் வலைகளில் உழைத்தவர்தாம், 2020-இல் 16 விக்கெட் எடுத்து, அபுதாபியில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பையும் சாய்த்தார். வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்று, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றுவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2021 மார்ச்சில் புனேயில், இங்கிலாந்து வெல்லக் கடைசி ஓவரில் 14 ரன் தேவைப்பட்டபோது அதைக் காத்துக் கொடுத்தார். அதன்பின் முழங்கால் அறுவைச் சிகிச்சை. இந்தியாவுக்காக அவர் மீண்டும் ஆடவில்லை. 2024 நவம்பரில் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்தது; அடுத்த பருவத்தில் அவர் ஆடியவை இரண்டு ஆட்டங்கள்.

ஆகவே மிகக் குறைந்த விலையில் இருந்தபோதே அவர் இந்திய அணிவரை விளைந்தார் என்பதும், அவ்விளைச்சலுக்குக் காரணம் விலையன்று, அவசரமில்லாத அந்த இரண்டு வருஷங்களே என்பதும் என் அபிப்பிராயம். மாட்டுச் சந்தையில் சுழியும் பல்லும் பார்த்து வாங்குகிறவன்கூட, வாங்கியதை வருஷம் முழுதும் தீனி போட்டுக் காக்கிறான். ஏலம் எடுத்தவர்க்கோ இரண்டு மாதக் கணக்கு; எஞ்சிய பத்து மாதமும் அந்தச் சரீரம் யார் பொறுப்பு?

ஒப்பிட வேறொரு முறை உண்டு: அமெரிக்க பேஸ்பாலில் 1965 முதல் நடக்கும் தேர்வில் இளைஞனுக்கு அணியைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமில்லை, அது அநியாயமே. எனினும் தேர்ந்தெடுத்த அணி அவனைக் கீழ்நிலை லீகுகளில் வருஷக்கணக்காகப் போஷிக்கிறது. அங்கும் 1991-இல் முதலாவதாகத் தேர்வான பிரையன் டெய்லர் தோள் காயத்தால் உச்ச லீகை எட்டாமலே போனார் என்பதால், அம்முறையை அப்படியே கொண்டுவரச் சொல்லேன். ஏலத்தொகையோடு வருஷம் முழுவதற்குமான பராமரிப்புக் கடமையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன்.

2023-இல், நடராஜன் தம் ஊரில் அமைத்த மைதானம் திறக்கப்பட்டது. சின்னப்பம்பட்டிப் பையன்களுக்கு இப்போது முறையான ஆடுகளம் இருக்கிறது. எங்கள் பையன்கள் கண்மாயில் தண்ணீர் வரும்வரைதான் ஆடலாம்.