கம்பு யாரைக் காட்டுகிறது?

தேவாரம், போடி பக்கம் கோயில் திருவிழாவில் கம்பு சுற்றினால் கூட்டத்தில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "ஆளு எப்படியோ, ஆட்டமும் அப்படித்தான்." பாய்ந்து அடிப்பவன் முன்கோபி, விலகி ஆடுபவன் பயந்தாங்கொள்ளி என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பும் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தட்டிப் பார்த்தால் பெரும்பகுதி உதிர்ந்துபோகிறது.

காலடியும் வீச்சும் வாத்தியார் போட்டுக் கொடுத்தவை. அவரிடம் படித்த அத்தனை பேரும் ஒன்றுபோல் கால் மாற்றுகிறார்களே, அத்தனை பேருக்கும் ஒரே குணமா? கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் இருப்பது வழக்கம். குள்ளமானவருக்குக் கம்பும் குட்டை. உள்ளே புகுந்தால்தான் எதிராளிமேல் படும். ஊர் அதைத் துணிச்சல் என்கிறது. எனக்கு அது வெறும் அளவுக் கணக்கு. ஏலக்காட்டுச் சரிவில் ஏறி இறங்கிப் பழகிய கால் அழுந்த ஊன்றி நின்றால், அதற்கும் நிதானம் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இப்படிப் போட்டியாகி, தொடுகைக்குப் புள்ளி என்று விதி வந்துவிட்டால் பரம சாதுவும் பாயத்தான் செய்வான்.

இந்த நம்பிக்கைக்குச் சினிமாவும் தீனி போட்டது. சிலம்பம் கற்ற எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்கார'னில் (1971) கம்பெடுத்தபோது, அந்த லாவகத்தையே நல்லவனின் அடையாளமாக ரசிகன் எடுத்துக்கொண்டான். 'சார்பட்டா பரம்பரை'யின் (2021) குத்துச்சண்டைக்காரன் டான்சிங் ரோஸ் இதைக் கலைத்துப்போட்டான். ஆட்டம் முழுக்கச் சேட்டை. ஆனால் எதிராளியின் திறமையைச் சரியாக எடைபோடும் மனுஷன்.

கதையை விட்டு நிஜத்துக்கு வந்தால் குத்துச்சண்டை வீரர் முகமது அலி இருக்கிறார். 1967-ல் தன்னைப் பழைய பெயரால் அழைத்த எர்னி டெரலை, "என் பேர் என்ன?" என்று கேட்டுக் கேட்டு 15 சுற்றும் வதைத்தார். 1974-ல் கின்ஷாசாவில் நடனத்தை மூட்டை கட்டிவிட்டுக் கயிற்றில் சாய்ந்து எதிராளி ஃபோர்மனின் அடிகளை வாங்கினார். எட்டாம் சுற்றில் ஃபோர்மன் தள்ளாடிச் சரிந்தபோது ஓங்கிய வலது கையை இறக்காமல் நிறுத்திக்கொண்டார். பாணியிலிருந்து குணத்தைப் படிப்பவர்கள் இதில் எந்த அலியைப் படிப்பார்கள்?

குணம் களத்தில் தெரியவே தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரிகிறது, ஊர் பார்க்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். வாத்தியாரோ உடம்போ விதியோ முடிவு செய்யாத ஒரு நொடி, ஆடுகிறவன் கையில் மிஞ்சுகிறது. ஓங்கிய அடியை நிறுத்துவது அதில் ஒன்று. இன்னொன்று நம் திருவிழாக் களத்திலேயே உண்டு. கம்பு நுனி கணுக்காலை லேசாக உரசிவிட்டுப் போகும். மேளச் சத்தத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நடுவர் உட்பட. பட்டவனுக்கு மட்டும் தெரியும். சிலர் அப்படியே சுற்றிக்கொண்டிருப்பார்கள். எப்போதாவது ஒருவர் கம்பைத் தாழ்த்திக் கணுக்காலைத் தொட்டுக் காட்டுவார்.