அசல் மட்டும் காட்டும் கணக்கு

சிறு கம்பெனிகளின் கணக்குச் சுமையைக் குறைத்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள், லீஸ் பற்றிய விவரக் குறிப்புக்குத் தந்த விலக்கையும் சலுகைகளின் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபைனான்ஸ் லீஸ் கடனை ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது, பிறகு கட்ட வேண்டியது என்று பிரிப்பது நல்ல வழக்கம். லீஸில் எடுத்த மெஷினும் கடனில் வாங்கியதுதான் என்பதை அது பேலன்ஸ் ஷீட்டிலேயே சொல்லிவிடுகிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது அசலை மட்டுமே காட்டுகிறது.

காடாம்புலியூரில் முந்திரி ஆலை நடத்தும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பருப்பைத் தரம் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷினை மார்ச் கடைசியில் ஃபைனான்ஸ் லீஸில் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 20 லட்சம், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், 48 மாதத் தவணை. மாதம் சுமார் 52,670 ரூபாய் கட்ட வேண்டும். முதல் ஆண்டில் கையை விட்டுப் போவது 6.32 லட்சம். மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டியதாக நிற்பதோ 4.14 லட்சம்தான். மீதி 2.18 லட்சம் வட்டி. இன்னும் சேராத வட்டியைப் பொறுப்பாகக் காட்ட முடியாது, அது சரி. ஆனால் கட்டப்போகும் முழுத் தொகையை எங்கேயாவது சொல்ல வேண்டாமா?

சொல்லும் இடம் இருக்கிறது. கணக்கியல் தரம் 19, மொத்தத் தவணையைக் கால வாரியாகப் பிரித்துக் குறிப்பில் தரச் சொல்கிறது. ஆனால் சிறு, நடுத்தர கம்பெனி அதைத் தர வேண்டியதில்லை. 2021 கணக்கியல் தர விதிகளின்படி பங்குச் சந்தையில் இல்லாத, விற்றுமுதல் 250 கோடிக்கும் கடன் 50 கோடிக்கும் மேற்படாத கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வகைதான். பெரிய கம்பெனிகளோ 2019 ஏப்ரல் முதல் இண்ட் ஏ.எஸ். 116 என்ற தரத்தின்படி வட்டி சேர்த்த முழுத் தவணையையே காட்டுகின்றன. பணம் புரட்ட ஆயிரம் வழி உள்ளவர்கள் விவரம் தருகிறார்கள். ஒரு மாதத் தவணை தள்ளிப்போனாலே தடுமாறுகிறவர்களின் கணக்கில் அது இல்லை.

வட்டி லாப நட்டக் கணக்கில் வரத்தானே போகிறது என்பார்கள். வரும், ஆண்டு முடிந்த பிறகு. பங்குனி, சித்திரையில் கொட்டை வரத்து தொடங்கும்போது விவசாயிக்குக் கையில் பணம் கொடுக்க வேண்டும். பருப்பு விற்றுக் காசு திரும்ப மாதங்கள் ஆகும். தவணைத் தேதி சீசன் பார்ப்பதில்லை. மார்ச் 31-இல் தெரிய வேண்டியது மறு ஆண்டுக் கணக்கில் தெரிந்து என்ன பயன்?

தொகை நிற்கும் இடமும் சரியில்லை. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் லீஸின் நீண்ட காலப் பங்கு கடன் தலைப்பில் வருகிறது. ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய பங்கு மட்டும் வாடிக்கையாளர் முன்பணம் போன்றவற்றோடு ‘இதர நடப்புப் பொறுப்புகள்’ பகுதியில் கிடக்கிறது. 2021-இல் டேர்ம் லோனின் ஓராண்டுத் தவணையைக் குறுகிய காலக் கடனுக்கு மாற்றினார்கள். லீஸை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். கடன் தலைப்பை மட்டும் கூட்டிப் பார்க்கும் பேங்க் அதிகாரியின் கண்ணில் அது படாது.

ஆலை நடத்துகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் ஒரு வரி கூடுதலாகக் கேளுங்கள்: வரும் பன்னிரண்டு மாதத்தில் வட்டியோடு கட்ட வேண்டிய மொத்தத் தவணை எவ்வளவு? அதைக் குறிப்பில் சேர்க்க விதியில் எந்தத் தடையும் இல்லை.