அன்னாசியின் கண்கள்

சோழவரத்தில் ஜி.என்.டி. ரோட்டோரம் தள்ளுவண்டியில் அன்னாசி நறுக்குபவரின் கத்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தோலைச் சீவியதும் பழத்தில் பழுப்புக் கண்கள் புதைந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் தோண்டினால் சதைதான் வீணாகும். அவர் சாய்வாக ஏறும் ஒரு வரிசையைப் பிடித்து, கத்தியை இருபுறமும் சரித்துச் சின்ன வாய்க்கால் வெட்டுகிறார். ஒரு வரிசைக் கண்கள் மொத்தமாக வந்துவிடுகின்றன. பழத்தைக் கொஞ்சம் திருப்பினால் அடுத்த வாய்க்கால்.

அந்த வரிசையைப் போட்டுக் கொடுத்தது செடி. ஒரு பக்கம் சாய்ந்து ஏறுபவற்றை எண்ணினால் பெரும்பாலும் 8 வரும். எதிர்ப்பக்கம் சாய்ந்தவை 13. இன்னும் செங்குத்தாக ஏறுபவை 21. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது. சீவாத பழம் கிடைத்தால் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம். நூறிலிருந்து இருநூறு பூக்கள், மூன்றே இதழ், ஊதா நிறம். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அடியில் தொடங்கி, நாளுக்குச் சிலவாக, வாரக்கணக்கில் மேலேறிப் பூக்கும். பிறகு சூலகம், பூவைத் தாங்கிய செதில், நடுத்தண்டு எல்லாம் சதைப்பிடித்து ஒட்டிக்கொண்டு ஒரே பழமாகின்றன. அடியில் பூத்தது முதலில் முதிர்வதால் அடித்துண்டுக்கு இனிப்பு கூடுதல். மிளகாய்த்தூளும் உப்பும் தூவக் கேட்பதற்கு முன் எந்தத் துண்டு என்று பார்த்துக் கேட்கலாம். நாம் துப்பிவிடும் நடுக்கட்டை செடியின் தண்டேதான். பழத்தை ஊடுருவிப் போய் உச்சியில் மறுபடி இலைவிட்டுக் கொண்டையாகிறது. காய்த்த பின்னும் நிற்காமல் மேலே போகும் இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

இதன் குடும்பமான ப்ரோமீலியேசியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒன்றைத் தவிர அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். 1493இல் கொலம்பஸ் குவாதலூப் தீவில் அன்னாசியைக் கண்டார். அடுத்த நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கொல்லிமலையும் கேரளத்து வாழக்குளமும் இதற்குப் பேர்போனவை.

சோழவரம் ஏரியைச் சுற்றியுள்ள நெல்மண்ணில் தண்ணீர் தேங்கும். அன்னாசி வேர் அதைத் தாங்காது, அழுகிவிடும். ஆகவே இங்கே தொட்டிதான் சரி. கொண்டையைத் திருகி எடுத்து, ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, அடியிலைகள் சிலவற்றை உரித்து, ஓரிரு நாள் நிழலில் காயவைத்து, மணல் கலந்த மண்ணில் நட வேண்டும். சித்திரை வெயிலில் மட்டும் பிற்பகல் நிழல் கொடுத்தால் நல்லது.

மற்றபடி இந்த ஊர் வெக்கையைச் சமாளிக்கச் செடிக்கே தெரியும். இலைத்துளைகளைப் பகலில் பெரும்பாலும் மூடிவைத்து இரவில் திறந்து காற்றை வாங்குகிறது. வாங்கியதை அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் மூடிய துளைகளுக்குள்ளேயே உணவாக்குகிறது. வியர்வை மிச்சம்! இலையின் அடிப்புறத்து வெண்பூச்சை உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்செதில்கள் நெருக்கமாகப் படிந்திருப்பது தெரியும். இலைக்கக்கத்தில் தங்கும் மழைத்துளியையும் இந்தச் செடி குடிக்கும். குழாய்த் தண்ணீரை மேலிருந்து கொஞ்சமாக ஊற்றினாலே போதும்.

பூக்கவைப்பதில்தான் பெரிய சுவாரசியம். 1874இல் அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் கூடங்களில், புகை பட்ட செடிகள் ஒன்றுபோல் பூப்பதைக் கண்டார்கள். காரணம் புகையிலிருந்த எத்திலீன். இன்று விவசாயிகள் அதே வேலையைச் செய்யும் எத்ரலைக் கரைத்துக் குருத்தில் ஊற்றுகிறார்கள். முப்பத்தைந்து, நாற்பது இலை விட்டபின்தான் அதற்குப் பலன். வீட்டுத் தொட்டிக்கு மருந்து வேண்டாம்: பழுத்த ஆப்பிள் ஒன்றைச் செடியடியில் வைத்து, பாலித்தீன் பையால் சில நாள் மூடிவைத்தால் பழம் விடும் எத்திலீனே குருத்தைத் தூண்டிவிடும்.

கொண்டையிலிருந்து வளர்ந்த செடி பழம் தர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். ஒரு தண்டில் ஒரே பழம்தான். அதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் அடியில் பக்கக்கன்றுகள் கிளம்பியிருக்கும். வலுவான ஒன்றை அப்படியே விட்டு மற்றவற்றைப் பிரித்து நடுங்கள். கொண்டையைவிட அவை சீக்கிரம் காய்க்கும்.