மூங்கிலில் எழுதிய பெயர்

ஹைதராபாத்தில் புரானாபுல் பக்கம் கூடும் ஜுமேராத் பஜாரில், பழைய பொருள் தேடுவோர் கண்ணில் என்றாவது ஒரு மூங்கில் தூண்டில் கழி படலாம். இரட்டை நகரான செகந்திராபாத்தின் கண்டோன்மென்ட் வெள்ளைக்கார அதிகாரிகள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம்; அவர்களில் ஒருவர் விட்டுச்சென்ற கழியாக இருக்கலாம். வெறும் கம்பு என்று அந்தக் கழியைத் தள்ளிவிடாதீர்கள்.

மீனை ஏமாற்ற இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய பொய்ப்பூச்சியை நீரில் வீசுவதற்காகச் செய்த கழி அது. மூங்கிலைப் பிளந்து, முக்கோணப் பட்டைகளாகச் சீவி, பெரும்பாலும் ஆறு பட்டைகளை ஒட்டுவார்கள். வலுவான வெளிநார் சுற்றிலும் வெளிப்பக்கமே நிற்கும். நுனியில் ஒவ்வொரு பட்டையும் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். கைவினையின் உச்சம் அந்தச் சீவலில் இருக்கிறது.

செய்தவர் யார்? கைப்பிடிக்குச் சற்று மேலே பாருங்கள். 1872இல் இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் தொடங்கிய ஹார்டி பிரதர்ஸ், தன் ‘பாலகோனா’ கழிகளில் பெயரையும் வரிசை எண்ணையும் மையால் எழுதி வார்னிஷ் பூசியது. எழுத்து மங்கியிருந்தால் உலோக இணைப்புக் குழல், ரீல் பொருத்தும் இடம், வளையங்களைக் கட்டிய பட்டுநூல் ஆகியவை துப்புக் கொடுக்கும். மூங்கிலும் பேசும். தீப்பட்ட கரும்புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போன கல்கத்தா மூங்கில். இருபதாம் நூற்றாண்டில் சீனாவின் டோன்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது.

அப்படியொரு கழி கிடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய வார்னிஷோடு செய்தவரின் பெயரும் போய்விடும்.