மூன்றாம் எண் இன்ஜினின் பொய்ச் சரித்திரம்

கலிபோர்னியாவின் ஜேம்ஸ்டவுனில், ‘ரெயில்டவுன் 1897’ மாநில வரலாற்றுப் பூங்காவில் பாதுகாக்கப்படும் சியரா ரயில்வேயின் 3ஆம் எண் நீராவி இன்ஜினுக்கு இரண்டு சரித்திரங்கள் உண்டு. மெய்யானது சின்னது. 1891இல் நியூ ஜெர்சியில், பேட்டர்சன் நகரின் ரோஜர்ஸ் ஆலையில் உருவாகி, அரிசோனாவில் ஓடி, 1897இல் சியராவுக்கு வந்தது. பொய்ச் சரித்திரத்தை எழுதியது ஹாலிவுட்.

1929இல் வெளிவந்த ‘தி வர்ஜினியன்’ படத்தில் அது நடிகர் கேரி கூப்பருடன் தோன்றியது. 1932 முதல் ஓட்டமின்றி முடங்கிக் கிடந்து, 1948இல் மறுபடி உயிர்பெற்றது. 1952இல் ‘ஹை நூன்’: மீண்டும் கூப்பர். பழிவாங்க வரும் ஃபிராங்க் மில்லரை நண்பகலில் ஊருக்குக் கொண்டுவருவது இந்த இன்ஜின்தான். படம் நெடுகக் கடிகாரத்தையும் வெறுந் தண்டவாளத்தையும் காட்டிவிட்டுக் கடைசியில் தூரத்தில் புகை எழும்போது, வில்லன் முகம் காட்டுமுன்பே இன்ஜின் அவன் வேலையில் பாதியை முடித்துவிடுகிறது.

1963இல் தொடங்கிய ‘பெட்டிகோட் ஜங்ஷன்’ தொலைக்காட்சித் தொடரில் அதே இரும்புக்கு நேர்மாறான குணம். ‘ஹூட்டர்வில் கேனன்பால்’ என்று பெயர் மட்டும் பீரங்கிக் குண்டு. நடப்பில், நேரம் காலம் பாராமல் ஊரார் சௌகரியத்துக்கு நின்று நின்று போகும் வண்டி. அதை மூடிவிடத் துடிக்கும் ஹோமர் பெட்லோ என்ற அதிகாரியைத் தவிர எல்லோருக்கும் அது செல்லம்.

எல்லாவற்றிலும் துணிச்சலான பொய் 1990இல் வந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ மூன்றாம் பாகத்தில். அங்கே அதன் எண் 131. கதை நடக்கும் ஆண்டு 1885. அதாவது இன்ஜின் பிறப்பதற்கு ஆறாண்டுகள் முன்பு. காலப்பயணப் படத்தில் இதைக் குறையென்று சொல்ல மனம் வராது. காலப்பயணக் காரை மணிக்கு 88 மைல் வேகத்துக்குத் தள்ளிவிட்டு, கட்டி முடியாத பாலத்திலிருந்து இன்ஜின் பள்ளத்தாக்கில் விழுந்து நொறுங்குகிறது. உண்மையில் விழுந்தது சிறிதாகச் செய்த மாதிரி.

இத்தனை வேடங்களுக்கும் ஒப்பனை பெரும்பாலும் புகைபோக்கியில்தான். விறகு எரித்த காலத்து இன்ஜின்களுக்குத் தீப்பொறி வெளியே பறக்காதிருக்க மேலே அகன்ற, கனத்த புகைபோக்கி தேவைப்பட்டது. எண்ணெயில் எரியும் 3ஆம் எண்ணுக்கு நேரான குழாயே போதும். பழங்காலத்தைக் காட்ட அதன்மேல் பொய்ப் புகைபோக்கி ஏறும். எண்ணும் வண்ணமும் மாறும். தேர்ந்த கண் அங்கே ஏமாறாது, கீழே பார்க்கும். முன்னே நான்கு சிறு சக்கரங்கள், பின்னே தண்டால் பிணைந்த ஆறு பெரிய உந்து சக்கரங்கள். ‘டென் வீலர்’ என்னும் இந்த அமைப்பை எந்தக் கலை இயக்குநரும் மாற்றவில்லை.

1992இல் ‘அன்ஃபர்கிவன்’ படத்திலும் அது வந்தது. 1995இல் ஓட்டம் நின்றது. விரிவான பழுதுபார்ப்புக்குப் பின், 2010இல் மறுபடி நீராவி ஏறியது.