கம்பைலர் என்னும் உரையாசிரியர்

ஓசூர் சிப்காட் பக்கம் இயந்திரங்களின் கட்டுப்பாட்டு நிரல்களோடு மல்லுக்கட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கலாம்: “பழைய கோட் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு சார். புது கம்பைலர்ல ஓ2 போட்டதும் படுத்துடுச்சு.”

ஓ0 என்றால் கம்பைலர் எழுதியதை எழுதியபடியே பெயர்க்கும். ஓ2 என்றால் வேகத்துக்காக வரிகளை இடம் மாற்றும், வேண்டாதது என்று பட்டதை நீக்கும். இடமாற்றம் நமக்குப் புதிதில்லை. மணக்குடவரும் பரிமேலழகரும் ஒரே அதிகாரத்துக்குள் குறள்களை வேறுவேறு வரிசையில் வைத்தவர்கள்தான். எனக்கு உறுத்துவது நீக்கம்.

ரிலே மாறி நிற்கச் சற்று நேரம் வேண்டுமென்று, அந்தக் காலத்து ஆள் ஒன்றுமே செய்யாத லூப் ஒன்றைச் சுற்றவிட்டிருப்பார். கம்பைலருக்கு அது வெட்டி வேலை, தூக்கிவிடும். இன்னும் நுட்பமான இடம் உண்டு. ‘எண்ணோடு நூறைக் கூட்டினால் விடை அந்த எண்ணைவிடச் சிறியதா?’ என்பது எண் கொள்ளளவைத் தாண்டி வழிவதைப் பிடிக்கும் காவல். ஆனால் குறியுள்ள முழு எண் வழிந்தால் என்ன ஆகும் என்பதை சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. ‘வரையறுக்காததை நீ செய்யமாட்டாய்’ என்று நம்பி, கம்பைலர் காவலையே எடுத்துவிடும். 2009இல் லினக்ஸ் கெர்னலின் டன் டிரைவரில் நடந்ததும் இந்த ரகம்தான்: பாயிண்டரை முதலில் பயன்படுத்திவிட்டுப் பிறகு அது வெறுமையா என்று பார்த்திருந்தார்கள், ஜிசிசி அந்தச் சோதனையை நீக்கியது, பாதுகாப்பு ஓட்டை திறந்தது.

“கோட் தப்பு, கம்பைலர் சரி” என்பார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் கெர்னிகன், ரிட்சியின் நூல் வந்தது 1978இல். தரநிலை வந்தது 1989இல். இடையில் எழுதியவர்களுக்கு எந்தச் சட்டம்? எழுத்தாளன் தவறே செய்யமாட்டான் என்று எடுத்துக்கொள்ளும் வாசகர் பணிவானவர் போலத் தோன்றும். உண்மையில் எழுதியவன் பயந்து வைத்த எச்சரிக்கையைத்தான் அவர் கிழித்துப்போடுகிறார்.

போஸ்ட்கிரஸ் எஃப்ராப்வி என்ற ஃபிளாகோடு தொகுக்கப்படுகிறது: எண் வழிந்தால் மறுமுனையிலிருந்து தொடரட்டும், அது வரையறுத்த நடத்தைதான் என்று கம்பைலருக்குச் சொல்வது அது. லினக்ஸும் வெறுமைச் சோதனைகளை நீக்காதே என்று தனி ஃபிளாக் சேர்த்துக்கொண்டது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மூலத்தை எப்படிப் படிக்க வேண்டுமென்ற குறிப்பு அது. கொஞ்சம் வேகம் போகலாம்தான். ஆனால் நொடிக்கு ஒருமுறை தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு அந்த வேகம் எதுக்கு?