பட்டியலில் இல்லாத பத்து மணி

புதுச்சேரியில் காலைச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கின்றன. கடற்கரைச் சாலையில் லே கஃபே, புஸ்ஸி வீதியில் பேக்கர் ஸ்ட்ரீட், நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ். யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' (2001) நாவலின் முன்னுரையில் இந்தக் காபி ஹவுஸ் வருகிறது என்ற தகவலும் கூடவே இருக்கும். குறை சொல்ல ஒண்ணுமில்ல, போய்ச் சாப்பிடலாம். என் கேள்வி வேற: இதெல்லாம் யாருடைய காலையை மனசுல வச்சு எழுதறாங்க?

விடுதியில் தூங்கி எழுந்து ஒன்பது, பத்து மணிக்கு மெதுவாக வெளியே வருபவரின் காலை அது. பிரஞ்ச் என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான். சனிக்கிழமை ராத்திரி கொண்டாடிவிட்டு ஞாயிறு தாமதமாக எழுபவர்களுக்காகப் பரிந்து, 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் வருகிறது.

காலைச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளுவது நமக்கும் புதுசில்ல. கிளியனூர் பக்கம் விடியக்காலை வயலில் இறங்கியவர்கள் பாதி வேலையை முடிச்சிட்டுத்தான் கூழோ பழையதோ குடிப்பாங்க.

இன்னொரு பத்து மணிச் சாப்பாடும் இருக்கு. கிளியனூரில் பஸ் ஏறினால், புதுச்சேரி நகருக்குள் நுழையும் முன்பே கோரிமேட்டில் ஜிப்மர் வந்துவிடும். சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர் குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், பஸ் பிடித்து வரிசையில் நின்று பத்து மணிக்கு வெளியே வந்தால், பதினாலு மணி நேரம் ஆகியிருக்கும்.

இவருக்கு எது நல்ல ஓட்டல்? நடக்கிற தூரத்தில் இருக்கணும். உட்கார்ந்த பத்து நிமிஷத்துல இட்லி வரணும். "டிபன் முடிஞ்சுபோச்சு, சாப்பாடு பன்னெண்டு மணிக்குத்தான்" என்று சொல்லக் கூடாது. கூட வந்தவரும் சாப்பிடுகிற விலையா இருக்கணும். மாத்திரை போட நல்ல தண்ணி வேணும்.

பட்டியல்களில் இந்த ஐந்தையும் காணோம். ருசி, அலங்காரம், புகைப்படத்துக்கு ஏற்ற வெளிச்சம், அதோடு முடிச்சுடறாங்க. ருசியைப் பற்றி எழுதுவது தப்பில்லை. ஆனால் ருசியும் நேரத்தைப் பொறுத்ததுதானே? ஆறரைக்கு இறக்கிய பொங்கல் பத்து மணிக்குக் கட்டியாகிவிடும். அடுத்த ஈடு வைக்கிற கடையில் இட்லி அப்பவும் பஞ்சு மாதிரி இருக்கும். எந்தக் கடையில் அப்படி வைக்கறாங்க என்பது அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஓட்டல் விமரிசனம் எழுதுபவர்கள் ஒரு வரி சேர்த்தால் போதும்: எத்தனை மணிக்குப் போனீங்க, அப்ப என்ன சூடா இருந்தது?